செக்ரோலில் இல்லாத மரை

வேட்டை என்றதும் துவக்கும் நாயும்தான் நினைவுக்கு வரும். ஆனால் எந்த வேட்டையும் முதலில் தாளில்தான் தொடங்குகிறது. எங்கே போவது, எத்தனை நாள் தங்குவது, என்ன சாப்பிடுவது, எவ்வளவு ஆகும், அதை யார் தூக்கி வருவது. சாமுவேல் பேக்கர் இலங்கைக் காடுகளுக்குள் போகும்போது கட்டிக்கொண்டு போன சாமான்களைத் தன் புத்தகத்தில் விவரமாகவே எழுதியிருக்கிறார். மழை புகாத கூடாரம், செரி, மதெய்ரா, பிராந்தி, உப்பிட்ட பன்றித்தொடை, ஊறுகாய், டின்னில் அடைத்த சாடின், தேயிலை, சீனி. மான் இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள கரண்ட் பழ ஜெலி. சுட வேண்டிய மான் இன்னும் காட்டில் மேய்ந்துகொண்டிருக்கிறது. அதற்கான ஜெலிப் போத்தல் யாரோ ஒரு மனிதனின் தலையில் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது.

அந்த மனிதனைப் பற்றித்தான் நான் நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பேக்கர் 1840களில் வேட்டைக்காக இலங்கைக்கு வந்தவர். காய்ச்சலில் விழுந்து, உடம்பு தேற நுவரெலியாவுக்கு ஏறியவர், அந்தக் குளிரில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவிவிடலாம் என்று முடிவு கட்டினார். 1848இல் சகோதரரோடும் குடியேறிகளோடும் மாடுகளோடும் வேட்டைநாய்களோடும் கப்பலில் வந்து இறங்கினார். கொழும்பிலிருந்து கண்டி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக அந்த உடைமை எல்லாம் மலைக்கு ஏறியது. றம்பொடைக் கணவாயில் அவருடைய குதிரைவண்டி பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது. உதவிக்கு அனுப்பிய யானையை அந்தச் செங்குத்தான பாதையில் வேகமாக விரட்டியதில் அது செத்தே போனது. பேக்கர் இதையெல்லாம் கலகலப்பான கதையாகச் சொல்லிப் போகிறார். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் பஸ் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் வளைவுகள் அவை.

நாம் மரை என்று சொல்லும் மிருகத்தை, தமிழ்நாட்டில் கடமான் என்றும் மிளா என்றும் சொல்வதை, இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் 'எல்க்' என்று அழைத்தார்கள். நுவரெலியாவுக்கு அப்பால் எல்க் சமவெளி என்ற பெயர் அப்படித்தான் தங்கிவிட்டது. வட அமெரிக்காவின் எல்க் வேறு இனம். நம் மரை தென்னாசியக் காடுகளின் பெரிய மான். வளர்ந்த கடா இருநூறு கிலோவைத் தாண்டும். பேக்கர் அதைச் சுடுவதைவிட நாய்களை ஏவித் துரத்துவதையே விரும்பினார். நாய்கள் மோப்பம் பிடித்துக் கிளப்பும். மரை காட்டைக் கிழித்துக்கொண்டு ஓடும். தப்ப வழி இல்லாதபோது ஓடையில் இறங்கி, பாறையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நாய்களை எதிர்த்து நிற்கும். அந்த இடத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்து, கத்தியால் குத்தி முடிப்பார் பேக்கர். இதை வீரம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். துவக்கின் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் கத்தியோடு தண்ணீரில் இறங்கியவருக்குத் துணிச்சல் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காட்டுக்குள் கத்தியோடு மட்டும் போகும் சுதந்திரம் அவருக்கு எப்படிக் கிடைத்தது? மற்ற எல்லாவற்றையும் வேறு ஆட்கள் தூக்கியதால். 1850களின் தொடக்கத்தில் வெளிவந்த 'இலங்கையில் ரைஃபிளும் வேட்டைநாயும்' என்ற அவருடைய நூலில் நாய்களுக்கெல்லாம் பெயர் உண்டு. கில்பக், பிரான், ஸ்மட், லீனா. எந்த நாய் எந்த ஓடையில் எந்த மரையின் கொம்பில் குத்துப்பட்டது என்று வாசகனுக்குத் தெரியும். கூடாரத்தைத் தூக்கியவர்கள் மட்டும் கூலிகள் என்ற ஒரே சொல்லில் அடங்கிப் போகிறார்கள்.

கண்டியைச் சுற்றி வேட்டை பரவியது கோப்பியோடுதான். 1854இல் தோட்டத்துரைமார் சங்கம் கண்டியில் தொடங்கியது. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். 1869இல் கோப்பியில் இலைநோய் தென்பட்டது, பிறகு மலைகள் தேயிலைக்கு மாறின. 1885இல் ரயில் நானுஓயாவுக்குப் போனதும், கண்டிப் பக்கத்துத் துரை ஒருவருக்கு விடுமுறையில் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வருவது எட்டக்கூடிய காரியமானது. அவ்வளவு தூரம் போக முடியாதவருக்கு வடகிழக்கே நக்கிள்ஸ் இருந்தது. ரங்கல, மடுல்கெல, கெலேபொக்க, ஹுன்னஸ்கிரிய என்று தோட்டங்கள் ஏறிக்கொண்டே போய்க் காட்டில் முட்டும். கோபெட்ஸ் கெப் கணவாயில் நின்றால் ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் மேகம் படுத்த காடு. தேயிலை முடிகிற வரியிலேயே மரையின் தடமும் தொடங்கும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தோட்டங்களுக்கு வந்த எல்லாத் துரைகளும் பணக்காரர்கள் இல்லை. சின்னத்துரை என்று வந்து சேர்ந்தவர்களில் பலர் இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் நடுத்தரக் குடும்பத்து இளைய பிள்ளைகள். அவர்கள் தம் ஊரில் ஒரு மானைத் துரத்த வேண்டுமென்றால் ஏதாவது பிரபுவின் நிலமும் தயவும் வேண்டும். இங்கே மாதச் சம்பளத்தில் அதைச் செய்ய முடிந்தது. ஹரி ஸ்டோரி 1907இல் வெளியிட்ட 'இலங்கையில் வேட்டை' நூல் அப்படிப்பட்டவர்கள் பையில் வைத்திருந்த புத்தகம். ஸ்டோரியும் ஒரு தோட்டத்துரைதான். சாதாரண வருமானமுள்ளவர் தானே ஒழுங்கு செய்து போகக்கூடிய வேட்டையாக மரை வேட்டை இருந்தது. காலனிகளின் கவர்ச்சிகளில் இதுவும் ஒன்று: ஊரில் எட்டாத பெரிய மனித வாழ்க்கை இங்கே மலிவாகக் கிடைத்தது. மலிவாக இருந்தது எதனால் என்பதை ஒரு முதியவர் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

அவர் ரங்கல பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். நான் பார்த்தபோது எண்பதைத் தாண்டியிருந்தார். கண்டியில் மகள் வீட்டில் இருந்தார். வேட்டையைப் பற்றிக் கேட்டதும் முகமே மாறிவிட்டது, எழுந்து உட்கார்ந்துவிட்டார். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்பார்களாம். கங்காணி வேலை பிரிப்பார்: இத்தனை பேர் கவ்வாத்து, இத்தனை பேர் மருந்தடிப்பு, இத்தனை பேர் கான் வெட்டு, அதாவது வடிகால் வெட்டு. வேட்டை நாளில் கான் வெட்டுக்குப் பிரித்த ஆட்களிடம் மண்வெட்டிக்குப் பதில் தப்பும் தகரமும் இருக்கும். மலையின் ஓரமாகச் சுற்றிப்போய், காட்டின் பின்பக்கத்தில் வரிசை பிடித்து நின்று, சீட்டி கேட்டதும் அடித்துக்கொண்டு இறங்க வேண்டும். மரை கீழ்ப்பக்கமாக வரும். அங்கே துரைமார் நிற்பார்கள்.

"அன்னைக்குப் பேர் முழுசா விழும் தம்பி. அரைப்பேர் எல்லாம் இல்ல. செக்ரோலுல கான்வெட்டுன்னு எழுதிருவாரு கணக்கப்பிள்ள. எங்களுக்கு என்ன, காட்டுக்குள்ள கத்திக்கிட்டு ஓடுறதுக்குக் கூலின்னா யாரு வேணாம்பா?"

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். கொழுந்து நிறுவை, கங்காணியின் ஏச்சு, மழையில் நனைந்த கம்பளி, இவற்றிலிருந்து ஒரு நாள் விடுதலை. செத்த மரையைக் காவுதடியில் கட்டி நாலு பேர் தூக்கி வந்ததையும், தோள் மாற்ற இன்னும் நாலு பேர் கூடவே வந்ததையும், தன் அண்ணன் தோளில் பட்ட காயம் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்ததையும் அதே குரலில் சொன்னார். தொடையும் முதுகும் ஈரலும் பங்களாவுக்கு. குடல் நாய்களுக்கு. தலையும் கழுத்தும் தொழிலாளர் லயத்துக்கு. கொம்பு பங்களா விறாந்தைச் சுவருக்கு. "அந்த மாதிரி கழுத்துக் கறி இப்ப எங்க தம்பி" என்றார்.

செக்ரோலைத் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரி. மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் விழும் குறிதான் பேர். பேர் விழுந்தால் கூலி, விழாவிட்டால் இல்லை. மாதக் கடைசியில் கூட்டிக் கழித்து, அரிசிக்கும் கம்பளிக்கும் பிடித்துக்கொண்டு, மிச்சம் கொடுப்பார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு கூலி போனது என்று பிரித்து எழுதி, அந்தக் கணக்குக் கடைசியில் கம்பெனியின் தலைமையகத்துக்குப் போகும். மலையில் தேயிலை வேர் அழுகாமல் இருக்க, மண் அரித்துப் போகாமல் இருக்க, கான் வெட்டுவது கட்டாயம். அதனால் கான் வெட்டுக் கூலியை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வெட்டாத ஒரு கானின் கணக்கில் ஒரு மரை கொல்லப்பட்டதைக் கண்டுபிடிக்க எந்தக் கணக்காய்வாளரும் கடல் கடந்து வரப்போவதில்லை.

துரைக்கு அந்த வேட்டையில் தோட்டாச் செலவைத் தவிர எதுவும் இல்லை. ஆட்களின் கூலியைத் தோட்டம் கொடுத்தது. தோளின் காயத்தை அண்ணன் வைத்துக்கொண்டார். வெட்டாமல் விட்ட கான் அடுத்த பெரிய மழையில் எந்தப் பக்கம் உடைந்தது, எந்த லயத்துக்குள் சேறு போனது என்பதைக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. முதியவர் இப்போது இல்லை. அவர் கூலி இழக்கவில்லை, உண்மைதான். அவர் இழந்தது வேறு. ஒரு பெரிய மிருகத்தைக் காட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுவந்து சேர்த்த அறிவும் ஓட்டமும் அவருடையவை. கொம்பின் கீழே பித்தளைத் தகட்டில் பொறித்த பெயர் இன்னொருவருடையது. தாளில் அவர் அன்று மண் வெட்டிக்கொண்டிருந்தார்.

இதே மலைகளில் இதற்கு நேர்மாறான ஒரு வேட்டைக் கணக்கும் இருந்திருக்கிறது. 1660இல் கண்டி மன்னனிடம் பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த ராச்சியத்தில் இருந்த ரொபர்ட் நொக்ஸ், கடைசியாகக் குடியிருந்தது கண்டிக்கருகே உடுநுவரவின் எலதெத்தவில். தப்பிப் போய் 1681இல் வெளியிட்ட நூலில் அவர் வேடர்களைப் பற்றி எழுதியிருப்பதை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். வேடருக்கு அம்பு முனை வேண்டுமென்றால் இரவில் கொல்லன் பட்டறைக்கு வருவார்கள். தங்களுக்கு வேண்டிய முனையின் வடிவத்தில் ஓர் இலையை வெட்டி அங்கே தொங்கவிடுவார்கள். பக்கத்தில் இறைச்சியையும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கொல்லன் அந்த அளவுக்கு முனை அடித்து வைத்தால் பிறகு இன்னும் இறைச்சி வரும். செய்யாமல் விட்டால் இருட்டில் அவன்மேல் அம்பு வரும். மிஞ்சும் இறைச்சியை மரப்பொந்தில் தேனுக்குள் போட்டு மூடிவைப்பார்கள், தேவைப்படும்போது எடுத்துக்கொள்வார்கள்.

அந்த இலையை நினைத்துப் பார்க்கிறேன். எந்த மொழியும் தேவைப்படாத கட்டளைச் சீட்டு அது. அளவு துல்லியம், விலை முன்கூட்டியே செலுத்தியாயிற்று, ஏமாற்றினால் என்ன ஆகும் என்பதும் தெளிவு. இதை நான் அன்பான உலகம் என்று சொல்ல வரவில்லை. கொல்லனுக்கு அந்த இரவுகள் பயமாகவும் இருந்திருக்கும். ஆனால் வேட்டையாடியவரே நடந்தார், அவரே தூக்கினார், இரும்புக்கு உரியதை அவரே இறைச்சியாகக் கொடுத்தார். கணக்கில் வராத ஆள் யாரும் அங்கே இல்லை.

இன்றைய அமெரிக்காவின் எல்க் வேட்டையைப் பற்றிப் படிக்கும்போது அந்த வேடர்கள் ஞாபகம் வருகிறார்கள். கொலராடோ மாநிலத்தில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல் எல்க் உண்டு. அங்கே பிரமாண்டமான காடுகளும் புல்வெளிகளும் பொதுச் சொத்து. யாரும் நுழையலாம். வழிகாட்டிக் கம்பெனிகளுக்கு ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து, குதிரையில் ஏறிப்போய்ச் சுட்டு, கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்தப் பணம் இல்லாத பள்ளிக்கூட ஆசிரியரும் மெக்கானிக்கும் வேறு மாநிலத்திலிருந்து ஓராண்டு முன்பே திட்டம் போட்டுச் சிக்கனம் பிடித்து வருகிறார்கள். வரைபடம் பார்த்து, பெட்ரோலைப் பங்கு போட்டு, கூடாரத்தை முதுகில் கட்டி. வெளிமாநிலத்தார் என்பதால் அனுமதிச் சீட்டுக்கு உள்ளூர்க்காரரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கட்டுகிறார்கள். சுட்ட பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். எலும்பு நீக்கினாலும் நூறு கிலோ அளவுக்கு இறைச்சி இருக்கும். ரோடு பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பல தடவை நடந்து முதுகில் தூக்கித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். உண்ணக்கூடிய இறைச்சியைக் காட்டில் அழுக விட்டு வந்தால் பல மாநிலங்களில் அது குற்றம். அதனால் அனுபவசாலிகள் துவக்கைத் தூக்கும் முன்பே கேட்டுக்கொள்ளும் கேள்வி: இங்கே விழுந்தால் என்னால் தூக்கிக்கொண்டு போக முடியுமா? முடியாத பள்ளத்தில் நிற்கும் மிருகத்தை அவர்கள் சுடாமல் விடுகிறார்கள்.

எனக்கு மிருகத்தைக் கொல்லும் ஆசை இல்லை, இனி வரப்போவதும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பேக்கருக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. எங்கே விழுந்தாலும் தூக்க ஆள் இருந்தது.

இன்னொரு ஒப்பீடும் மனதில் நிற்கிறது. 1937இல் அமெரிக்கா பிட்மன்-ரொபட்சன் சட்டத்தை நிறைவேற்றியது. துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரி, இன்று ரைஃபிள் வகைகளுக்கு 11 வீதம், நேரே வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. அதே 1937இல்தான் இலங்கையின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் வந்தது. அதற்கு முன்பே 1891, 1909 சட்டங்கள் இருந்தன. யானையும் மரையும் கண்முன்னே அருகிப் போவதைப் பார்த்துப் பயந்து, வேட்டைக்காரர்களே கேட்டு வாங்கிய பாதுகாப்பு அதில் பெரும்பங்கு. 1894இல் அவர்கள் தொடங்கிய சங்கத்தின் தொடர்ச்சிதான் இன்றைய வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கம். கொன்றவர்கள்தான் முதலில் காத்தார்கள் என்பது பல நாடுகளில் நடந்த கதை. அதில் பொய் இல்லை. ஆனால் அமெரிக்கச் சட்டம் காப்பதற்கான செலவை வேட்டைக்காரரின் சட்டைப்பையிலிருந்து எடுத்தது. இங்கே அப்படியொரு பணவழியை யாரும் போடவில்லை. சட்டம் தடுத்தது, பிறகு காடு தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

வெளிமாநிலத்தார் என்று சொன்னேன். இந்த மலையில் வெளியாள் யார் என்ற கேள்விக்கு வரலாறு விநோதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், இந்த மலையின் ஒவ்வொரு சரிவையும் காலால் அறிந்தவர்கள், 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு எந்த நாட்டுக்கும் உரியவர் இல்லாமல் போனார்கள். தப்படித்து மரையை இறக்கிய அந்த முதியவரும் அவர்களில் ஒருவர். அவர் சுட்டிக்காட்டி விளக்கிய காட்டு வழிகளை நான் நக்கிள்ஸ் வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். எதற்கும் பெயர் இல்லை.

நானும் சில நண்பர்களும் மரை பார்க்கப் போவதென்று பேசத் தொடங்கியபோது இவ்வளவும் மனதில் இருந்தது. நண்பர்களில் இருவர் ஆசிரியர், ஒருவர் கண்டிச் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர், ஒருவர் தபால் ஊழியர். ஹோர்ட்டன் சமவெளிக்கு வான் பிடித்துப் போவது நம்மால் முடியாத செலவு இல்லை, ஆனால் எல்லாராலும் முடியாது. அதனால் கோச்சியில் போவதென்று முடிவு. மூன்றாம் வகுப்பில் ஏறி, பேராதனைச் சந்தியில் மாறி, நானுஓயா தாண்டி, 1891 மீட்டர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொலையைத் தாண்டி, சுரங்கத்துக்கு அப்பால் ஓஹியவில் இறங்குவது. அங்கிருந்து மேலே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நடை. ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம்: அவரவர் சுமை அவரவர் முதுகில். அந்தச் சட்டம் வந்ததும் பட்டியல் தானாகச் சுருங்கியது. மரக்கறிக் கடை நண்பர் ஒரு காஸ் அடுப்பைக் கொண்டுவருவதாக முதல் நாள் சொன்னார். மறுநாள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேண்டாமென்றார். தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், வாழைப்பழம், பிளாஸ்கில் பிளேன்டீ, ஆளுக்கொரு கம்பளி. அவ்வளவும் போதுமாக இருந்தது.

சமவெளியின் வாயிலில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். பிஸ்கட் பக்கெட்டின் உறையைப் பிரித்தெடுத்துவிட்டு பிஸ்கட்டைக் கடதாசியில் சுற்றித் தருகிறார்கள். சிலர் எரிச்சல்படுகிறார்கள். எரிச்சல்பட எதுவும் இல்லை. பொலித்தீன் தின்று செத்த மரைகளின் வயிற்றிலிருந்து எடுத்தவற்றைப் பார்த்தவர்கள் அந்தச் சோதனையை வாழ்த்துவார்கள்.

மரையை நாங்கள் விடிகாலையில் பார்த்தோம். புல்லில் உறைபனி, சூரியன் இன்னும் தொடவில்லை. ஒரு கடா. ஒவ்வொரு கொம்பிலும் மூன்று கிளை, கிளைகளின் நடுவே பிய்ந்த புல் தொங்கியது. கழுத்துச் சடை நனைந்து கருமையாக இருந்தது. அது தலையைத் தூக்கியபோது கழுத்தின் அடியில் மயிர் உதிர்ந்து சிவந்த வட்டம் ஒன்று தெரிந்தது. புண் என்று நண்பர் பதறினார். மரைகளுக்கு இயற்கையாகவே அப்படி ஏற்படும், ஒருவகைச் சுரப்பி என்கிறார்கள். எங்களைக் கண்டு முன்னங்காலால் தரையை ஒருமுறை அடித்தது. பிறகு வாலை நிமிர்த்திக்கொண்டு, தகரத்தில் தட்டியதுபோல ஒரு குரல். அந்தக் குரலுக்குத் தூரத்தில் புல்லில் படுத்திருந்த பெட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. அத்தனை பெட்டைகள் அங்கே இருந்ததே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அவை மேய்ந்த ஈரப் புல்லிலிருந்து வடியும் நீர் அக்ரா ஓயாவாகி, மகாவலியாகி, பேராதனைப் பாலத்துக்கு அடியில் போகிறது. கண்டியில் நாங்கள் குடிக்கும் தண்ணீர் அது. 5000 அடிக்கு மேலுள்ள காட்டை அழிக்க வேண்டாம் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் சொன்ன ஆலோசனையால் தப்பிய தண்ணீர். சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கமாகி, 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் நக்கிள்ஸோடும் சிவனொளிபாத மலைக் காட்டோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வேட்டைக்காரர்கள் தங்கிய ஃபார் இன் பார்வையாளர் நிலையமாகிவிட்டது. அதன் முன்னால் வாகனத் தரிப்பிடத்தில் பகலிலேயே மரைகள் வந்து நிற்கும். ஆட்கள் பணிஸ் நீட்டுவார்கள், மரைகள் தின்னும். அதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பேக்கரின் நாய்கள் துரத்திய மரைக்கு எதிர்த்து நிற்க ஓர் ஓடையாவது இருந்தது.

அந்தப் பாதுகாப்பு சமவெளியின் எல்லையோடு சரி. தோட்டங்களின் ஓரங்களில், நக்கிள்ஸின் கீழ்ச்சரிவுகளில், மரை இன்றும் கொல்லப்படுகிறது. மரையைக் கொல்வதும் இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் இரவில் வெளிச்சம் அடித்துச் சுடும் ஆட்கள் வாகனத்தில் வருகிறார்கள். அவர்களைக் காப்பாற்ற எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. சுருக்கு வைப்பவர்களைப் பற்றிப் பேச இருக்கிறது.

சுருக்கு என்பது மோட்டார் சைக்கிளின் கிளச் வயர். இறுகினால் தளராதபடி ஒரு முடிச்சு, ஒரு முளை, ஒரு வளைந்த கம்பு. சிலவேளை காசே செலவில்லை. வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். இதைவிட மலிவான வேட்டை இல்லை. வைப்பவர்களில் பலர் இறைச்சி விற்கிறவர்கள் இல்லை. லயத்துக்குப் பின்னால் கால் ஏக்கரில் லீக்ஸும் போஞ்சியும் உருளைக்கிழங்கும் போட்டவர்கள். பன்றி ஒரே இரவில் கிழங்கை உழுதுவிட்டுப் போகும், மரை ஒரே இரவில் போஞ்சிக் கொடியை மொட்டையாக்கும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் நிற்கும். சுருக்கில் யார் விழுவது என்பதைச் சுருக்கு தீர்மானிப்பதில்லை. 2020 மே மாதத்தில் மஸ்கெலியா நல்லதண்ணியில் மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் மாட்டிய கரும்புலி, உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் சில நாட்களில் செத்தது. நாடே துக்கப்பட்டது. சுருக்கு வைத்தவரைத் திட்டிப் பேசாத ஆள் இல்லை. அந்தத் தோட்டத்துக்கு ஏன் வேலி இல்லை என்று கேட்டவரை நான் அதிகம் காணவில்லை.

ஹோர்ட்டன் சமவெளிக்குள் நுழைய வெளிநாட்டார் கொடுக்கும் கட்டணம் நாங்கள் கொடுப்பதைவிடப் பல மடங்கு. மரையும் புலியும் பார்க்கத்தான் அந்தப் பணம் வருகிறது. அதே மரைக்கும் அதே புலிக்கும் இரவில் தீனி போடுவது கால் ஏக்கர் போஞ்சிக்காரர். அவரிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை, அவருக்கு யாரும் காசும் கொடுப்பதில்லை. சமவெளியின் வருமானத்தில் ஒரு பங்கைக் காட்டோரத் தோட்டங்களின் வேலிக்கு ஒதுக்க வேண்டும் என்று நண்பர்களோடு சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில், எத்தனை குடும்பம், எந்தப் பக்கம் காடு முட்டுகிறது என்று பட்டியல் எடுத்து வருகிறோம். கணக்கில் ஒரு குடும்பமும் விடுபடக்கூடாது என்பதற்காகத் தபால் ஊழியர் நண்பர் லயம் லயமாக ஏறி இறங்குகிறார். ரங்கல பக்கம் முடிந்துவிட்டது. இனி மடுல்கெல.